மீதிப் பாதி

“கையை எடுங்க மேடம். கிழிஞ்சுடப் போகுது.”

“கிழிக்கத்தான் வாங்கினேன்” என்றார் அந்தப் பெண்மணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கலைக்கூடத்தில் விற்ற படங்களைப் பத்திரமாகச் சுற்றிக் கட்டிக் கொடுப்பது என் வேலை. எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்தாயிற்று, இப்படி ஒரு கிறுக்கைப் பார்த்ததில்லை.

கண்காட்சியின் தலைப்பு ‘சமாதானம்’. நாலைந்து நவீன ஓவியர்களின் அச்சுப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பதே பிரதி. அதற்குமேல் ஒன்றுகூட வராதபடி அச்சுத் தகட்டையே கீறிப் போட்டுவிட்டார்களாம். ஒரு படத்தில் வெறும் வெள்ளை, இன்னொன்றில் ஒரே ஒரு பொத்தல். புரியாதவர்கள்தான் அதிகமாகத் தலையாட்டினார்கள்.

பெண்மணி வாங்கியது, அவர்களில் பெரிய பேர் எடுத்தவருடைய படம். ஒரு மேசை, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நாற்காலி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். நட்டநடுவே, தபால்தலைத் தாளில் இருப்பதுபோல, கிழிப்பதற்கென்றே ஓர் ஓட்டை வரிசை. பக்கத்துச் சுவரில் ஓவியரின் வாசகம்: ‘பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை, நீங்கள் பேசாமல் இருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். அப்போதுதான் இந்தப் படம் முழுமையாகும்.’

வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்து உருகினார்கள். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். வாங்கியவர்களில் ஒருத்தராவது கிழித்தாரா என்றால், அதுதான் இல்லை. முழுசாக இருந்தால்தானே நாளைக்கு விலை ஏறும். மடங்காமல் கட்டு, ஓரம் நசுங்காமல் கட்டு என்று என் உயிரை வாங்கியதுதான் மிச்சம்.

இவர் மட்டும் படத்தை என் முன்னால் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “மேசைக்கு ஒரு கால் குட்டையா இருக்கே” என்று லேசாகச் சிரித்தார். எல்லாப் பிரதியிலும் அப்படித்தான், கோணலாக வரைவதுதானே இப்போது பாணி என்றேன்.

பாதியை யாருக்குத் தரப்போகிறீர்கள் என்று வாய் சும்மா இராமல் கேட்டேன். வீட்டு ஆள்தான் என்றார். அம்மா போனதற்கு அப்புறம் பேச்சு நின்றுபோச்சாம். போன் செய்தால் எடுப்பதில்லையாம். கடிதம் போட்டால் பிரிக்காமலே திரும்பி வருகிறதாம்.

“இதை நேர்ல கொடுத்தாவது வாங்கிக்கிறாரான்னு பார்க்கணும். இதுக்கும் மனசு இளகலேன்னா, அவ்வளவுதான், விட்டுடுவேன்.”

சொல்லிக்கொண்டே படத்தின் ஓரத்தை நீவிவிட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதற்குள் முதலாளியம்மா மோப்பம் பிடித்து வந்துவிட்டார். இங்கே வைத்துக் கிழித்தால் மற்றவர்கள் மிரண்டு போவார்கள், வேண்டுமானால் வீட்டில் போய் எதையாவது செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சல் பாதி, மிரட்டல் பாதி. கூட்டம் கூடிவிட்டது. பைத்தியம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பணத்திமிர் பிடித்து ஆடுகிறார் என்றார் இன்னொருவர்.

பெண்மணி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை வரிசையில் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார்.

உள்ளறையில் அந்தப் படத்தின் மீதிப் பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஓவியர், விஷயம் கேள்விப்பட்டுப் பாய்ந்து வந்தார். கிழித்தவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தார்.

“யார் பார்த்த வேலை இது? நான் சொன்னது ஒரு கருத்து. அறிவு இருக்கிற யாராவது நிஜமாவே கிழிப்பாங்களா?”

பெண்மணி வலப்பக்கத் துண்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

“நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் ஒரு கால் குட்டை. இந்தா அண்ணா, உன் நாற்காலி.”