பக்கத்தூரான்

1999இல், காரைக்குடியில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டரில், கணக்கு வாத்தியார் அருள்பிரகாசம் தினமும் மாலையில் ஓர் அரட்டைக் குழுவில் வாதாடுவார். அடுத்தவர் மின்னஞ்சலை அரசாங்கம்கூடப் படிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 'பக்கத்தூரான்' என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் அவரை விடாமல் கிண்டல் செய்வார்.

அன்று, "ஒங்க மெயிலப் படிக்கிறவனுக்குத் தூக்கந்தான் வரும்" என்று எழுதியிருந்தார். குழுவே சிரித்தது.

"யாரு பாத்தாலும் தப்பு தப்புதான்" என்று இவர் தட்டினார்.

"மொதல்ல சட்டைப் பட்டனை மாத்திப் போடுங்க. கோணலா இருக்கு" என்று திரையில் பக்கத்தூரானின் பதில் வந்தது.

குனிந்து பார்த்தார். கோணல்தான். கடைக்கார சேதுபதி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. பட்டனைச் சரிசெய்துவிட்டு, "எங்குட்டு இருக்கீக?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

யோசிக்காமல் தள்ளி உட்கார்ந்தார். அவர் நகர்ந்து காலியான பக்கம் பெஞ்சு லேசாகத் தாழ்ந்தது.