தொட்டில் சீட்

தொட்டில் சீட்டில் குழந்தையைக் காணோம். பின்வரிசையிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்த பெரியப்பாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

முன்வரிசையில் ஒரு இளம் ஜோடி. மடியில் குழந்தை இல்லை, காலடியில் பால்புட்டிப் பை இல்லை. எதிர்ச் சுவரில் தொட்டில் மாட்டும் கொக்கிகள் சும்மா பளபளத்துக்கொண்டிருந்தன.

சொந்தத்தில் யார் விமானம் ஏறினாலும் முதல் போன் இவருக்குத்தான் வரும். எந்த சீட் பின்னால் சாயாது, எங்கே கழிப்பறை நாற்றம் அடிக்கும், எங்கே சாப்பாடு தீர்ந்துபோய் வெறும் டீ மட்டும் வரும் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். 'சீட் பெரியப்பா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சாதாரண வகுப்பில் ராஜா சீட் எது என்று கேட்டால் அவர் யோசிக்கவே மாட்டார். சுவரை ஒட்டிய முதல் வரிசைதான்; காலைத் தாராளமாக நீட்டலாம். கைக்குழந்தைக்காரர்களுக்கு என்று அதை ஒதுக்கிவைப்பார்கள்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். குழந்தை இருப்பதாகச் சொல்லி சீட்டைப் பிடி. கடைசி நேரத்தில் அதற்குக் காய்ச்சல், பாட்டியிடம் விட்டுவிட்டோம் என்று கையை விரி. தம்பி மகனுக்கு இந்தத் தில்லுமுல்லைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவரே அவர்தான்.

தனக்கென்று வந்தபோதுதான் அது செல்லுபடியாகவில்லை. பேரன் பேத்தி எடுத்தவருக்கு ஏது கைக்குழந்தை? விமானக் கம்பெனிக்கு எத்தனையோ தடவை போன் போட்டுக் கெஞ்சியும் அவர்கள் மசியவில்லை.

கெஞ்சியதெல்லாம் பெரியம்மாவுக்காக. போன பயணத்தில் மடக்கியே வைத்திருந்த காலில் ரத்தம் கட்டி, இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இன்னொரு தடவை கட்டிச்சுன்னா நெஞ்சுக்கு ஏறிடும், காலை நீட்டியே உக்காரணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது விமானம் மேலே ஏறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் கணுக்கால் உப்பிவிட்டது. அவர் குனிந்து குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

பணிப்பெண் மடக்குத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தாள். "தொட்டில் மாட்டிடலாமா மேடம்? குழந்தை எங்க?"

"வேண்டாங்க" என்றான் புருஷன். "எடுத்துட்டுப் போயிடுங்க."

பெரியப்பா எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. போர்வையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை, சீட் பிடிக்க மட்டும் தெரிகிறது என்று பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் நில்லும்மா." பணிப்பெண்ணை மறித்தார். "குழந்தை இல்லாதவங்களுக்கு எதுக்கு இந்த சீட்டு? என் வீட்டுக்காரி காலைப் பாரு, எப்படி வீங்கிக் கெடக்குன்னு."

"நீங்க சும்மா உக்காருங்க. நான் சமாளிச்சுக்குவேன்." பெரியம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ பேசாம இரு." அந்தப் புருஷன் பக்கம் குனிந்தார். "தம்பி, டிக்கெட் போடும்போது குழந்தை இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. போக வர ரெண்டுக்கும் சேர்த்து அப்பவே போட்டது."

"இப்ப என்ன ஆச்சு? காய்ச்சலா? பாட்டி வச்சுக்கிட்டாங்களா? இதெல்லாம் நான் கேக்காத கதையா?"

அவன் குனிந்து மனைவியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். அக்கம்பக்கத்து வரிசைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தெம்பில் பெரியப்பா நிமிர்ந்து நின்றார்.

பணிப்பெண்ணுக்குத் தர்மசங்கடம். "சார், அவங்களுக்குக் கால் நிஜமாவே ரொம்ப வீங்கியிருக்கு. உங்களால மாறி உக்கார முடியுமா?"

"உக்காரட்டும்" என்று அந்தப் பெண்தான் முதலில் எழுந்தாள். புருஷன் மறுபேச்சு இல்லாமல் பைகளை எடுத்தான்.

பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவள் இரண்டு கால்களையும் நீட்டி "அப்பாடா" என்றபோதுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவர் வாய் சும்மா இருந்தால்தானே!

"ஏம்மா, குழந்தைன்னு ஒண்ணு நிஜமா இருந்தா அது இந்த ஃப்ளைட்ல இருக்கணும்ல? பொய் சொல்லி வாங்கின சீட்டுல உக்கார எப்படி மனசு வந்துச்சு?"

அவள் நின்றாள். விழுந்துவிடாமல் இருக்க சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, காலுக்கடியில் தரையைத்தான் பார்த்தாள்.

"இருக்குதுங்க அய்யா. கீழ, சாமான்களோட சாமானா, பெட்டிக்குள்ள."