மருமகளின் ஹாட்ஸ்பாட்

"என் மருமக துர்கா நம்பருக்கு உடனே ரீசார்ஜ் பண்ணுங்க பாய். டேப்லெட்டுக்கும் ஹாட்ஸ்பாட் ஓடணும், வெலயும் கம்மியா இருக்கணும்" என்றாள் அமுதவல்லி.

கடைக்காரர் கரீம் தன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உப்பளம் மைதானத்தில் அவருடைய தெரு டீம் ஆடிக்கொண்டிருந்தது; அதன் ஸ்கோர் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"டேப்லெட்ல என்ன பண்ணுது?"

"காலையிலேர்ந்து கிரிக்கெட்தான்."

"மருமக மேட்ச் பாக்க மாமியார் ரீசார்ஜா? ரொம்ப எடம் குடுக்கறீங்கக்கா" என்றவர் திடீரென்று அலறினார். "ஐயோ, ஸ்கோர் நின்னுபோச்சே! கடைசி ஓவர்!"

"மைதானத்துல உக்காந்து டேப்லெட்ல அந்த ஸ்கோரைப் போடறதே எம்மருமகதான். டேட்டா தீரப்போவுதுன்னுதான் ஓடியாந்தேன்."

கரீமின் விரல்கள் பறந்தன. "ஹாட்ஸ்பாட்டோட இதாங்கக்கா கம்மி. போட்டுட்டேன்."

சற்று நேரத்தில் ஸ்கோர் நகர்ந்தது.

"நாலு!" என்று துள்ளினார் கரீம்.

"எங்க துர்கா போட்டது" என்றாள் அமுதவல்லி, முந்தானையை இழுத்துச் செருகியபடி.