மச்சக்காரர்

சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வந்த லிங்கசாமியின் உள்ளங்காலையே மறுபடி மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார் குன்னூர் டாக்டர்.

“ஏனுங்க டாக்டர், கெட்டது கிட்னின்னு சொன்னீங்க. காலையே பாக்கறீங்களே?”

“ஆரம்பம் இங்கதாங்க. இந்தக் கறுப்பு மச்சம் புற்றுநோய். ரத்தத்தோட போய்க் கிட்னியிலயும் பரவியிருக்கு.”

மனைவி மருதாம்பாளுக்குக் கோபம் வந்தது. “அது அதிர்ஷ்ட மச்சமுங்க! மிளகாட்டமா இருந்தது ஒரே வருசத்துல புளியங்கொட்டையாட்டமா வளந்துச்சு. தேயிலைக் கொழுந்து விலை படுத்து, ஊரே தோட்டத்தைப் போட்டுட்டு அழுவுது. இவரு கொழுந்து மட்டும் நல்ல விலைக்குப் போச்சுங்க.”

“வளர்ற மச்சத்தைக் காட்டாம, கும்பிட்டுட்டா இருந்தீங்க?” டாக்டர் சீறினார். “மச்சமாவது, அதிர்ஷ்டமாவது! இந்த மூடநம்பிக்கையாலதான் கிட்னி வரைக்கும் வந்திருக்கு. நாளைக்கே இந்த மச்சத்தை வெட்டி எடுக்கணும். போய் அட்மிஷனுக்குச் சொல்லுங்கம்மா.”

மருதாம்பாள் அழுதுகொண்டே வெளியே போனாள்.

டாக்டர் கதவைச் சாத்தினார். டார்ச்சை மேசையில் வைத்தார். குனிந்து லிங்கசாமியின் உள்ளங்காலைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

“நாளைக்கு இது இருக்காதுங்களே... கோத்தகிரியில எனக்கும் ரெண்டு ஏக்கர் தேயிலை கிடக்குதுங்க.”