பத்தாவது ஓவர், மூன்றாவது பந்து

"எழுந்தியா, எழுந்திரிக்கலியா? அதை மட்டும் சொல்லு" என்றார் கருணாகரன்.

"எழுந்தேண்ணா" என்றான் சிவசங்கர்.

"எழுதிக்கோ ஜேபி."

ஜேபி என்கிற ஜெயப்பிரகாஷ் எழுதிக்கொண்டார். சுரங்கத்து டைம் ஆபீஸில் கிளார்க். ஆட்கள் மேல் நடக்கிற என்கொயரிக்கெல்லாம் மினிட்ஸ் எழுதிக் கை பழகியவர். இதற்கும் ஒரு நீளப் பேப்பரை மடித்து மார்ஜின் விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உலகக் கோப்பை ஃபைனலில் இந்தியா தோற்றது. திங்கட்கிழமை யாரும் யாரோடும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் கருணாகரனின் குவார்ட்டர்ஸில் என்கொயரி கூடிவிட்டது. போன கப் திரும்பி வரப்போவதில்லை. யாரால் போனது என்றாவது தெரிய வேண்டாமா?

கருணாகரன் இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் வந்து கையைப் பிடித்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்கொயரிக்கு வந்தவர்களுக்கு அவரே டீ போட்டார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. துக்க வீட்டில் சர்க்கரை கேட்பது முறையில்லை என்று எல்லாரும் அப்படியே குடித்தார்கள்.

அந்த ஹாலில் எட்டு வருடமாக ஒரு சட்டம் உண்டு. இந்தியா நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது யார் எங்கே எப்படி இருக்கிறாரோ, அங்கே அப்படியே இருக்க வேண்டும். கருணாகரன் சோபாவின் இடது மூலை. ஜேபி தரையில் சம்மணம். பக்கத்து குவார்ட்டர்ஸ் நைனா முகமது வாசல் நிலையில் சாய்ந்தபடி. சிவசங்கருக்கு டிவியை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்து ஸ்கோர் பாதிதான் தெரியும். ஆனால் அவன் அதில் உட்கார்ந்துதான் இந்தியா வரிசையாகப் பத்து மேட்ச் ஜெயித்து ஃபைனலுக்கு வந்தது. அப்படித்தான் அங்கே எல்லாரும் நம்பினார்கள்.

"பத்தாவது ஓவர், மூணாவது பந்து, ஃபோர்" என்றார் கருணாகரன். "இவன் எழுந்தான். நாலாவது பந்து, கேப்டன் அவுட். நடுவுல வேற எதுனா நடந்துச்சா?"

"இல்லண்ணா."

"அதுக்கப்புறம் எத்தினி ஓவர் பவுண்டரியே இல்லாம கெடந்தோம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணா. நான் இங்க இல்லையே."

"அதான் கேக்குறேன்" என்றவர், "பாய், நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்றார்.

நைனா முகமது தொண்டையைச் செருமினார். "நான் வாசல்ல நின்னுக்கினு இருந்தேங்க. 'தள்ளுங்க பாய், தள்ளுங்க பாய்'னு ரெண்டு தடவ சொன்னாரு. நான் நவுரலீங்க. நவுந்தா விக்கெட் வுழுந்துடுமே. சுவத்தை ஒட்டி இடிச்சிக்கினுதான் போனாரு."

"எழுதிக்கோ."

சிவசங்கர் குறிஞ்சிப்பாடிக்காரன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் டிரைவர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கான்ட்ராக்ட் ஆளை ஹாலுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் ஊற்றுகிற பெர்மனென்ட் ஆள் அவனுக்குத் தெரிந்து கருணாகரன் ஒருவர்தான். இந்த நாற்காலி போனால் டவுன்ஷிப்பில் அவன் போய் உட்கார வேறு வீடு கிடையாது. கடன்காரனைப் பார்ப்பதுபோல அண்ணன் தன்னைப் பார்ப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"குத்தம் நிரூபணம் ஆயிடுச்சு" என்றார் கருணாகரன். "அடுத்த உலகக் கோப்பை வரைக்கும் மேட்ச் அன்னிக்கு இவன் இந்தப் பக்கம் வரக்கூடாது. நாற்காலி பரணுக்குப் போவுது."

"அண்ணா, வேற எது வேணாலும் சொல்லுங்க. வூட்டுக்கு வராதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்பா."

ஜேபி பேனாவை நிறுத்தினார். "சார், ஆளோட விளக்கம் வாங்காம தண்டனை குடுத்தா அப்பீல்ல நிக்காது."

"காரணம்தான் நம்ம எல்லாருக்கும் தெரியுமே."

"தெரிஞ்சா போதாது சார். அவன் வாயால சொல்லி மினிட்ஸ்ல ஏறணும். சொல்லு தம்பி. ஆனா காரணம்னு பாத்தா எனக்கும்தான் இருந்துச்சு. ஆறாவது ஓவர்லேர்ந்து ஒண்ணுக்கு முட்டிக்கினு இருந்துச்சு. நான் எழுந்தேனா?"

சிவசங்கர் தலையைக் குனிந்துகொண்டான். செய்ததைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் நாற்காலி போகிறதே.

"சங்கீதா அண்ணிக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சு. ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன்."

ஜேபி ஒரு வார்த்தை விடாமல் எழுதி, கீழே கோடு போட்டார்.

கருணாகரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"என் பொண்டாட்டி, என் புள்ள. நானே அசையாம உட்காந்துக்கினு இருந்தேன். ஓவர் முடிய மூணே பந்து, உனக்கு என்னடா அவசரம்?"