இன்னும் ஒரு மாசம்

“பயப்படாம பேசு சுகிர்தா. தப்பு வந்தா வந்துட்டுப் போகுது” என்றாள் சித்திகா.

சிவகாசியில் அடுத்த வருடத்துத் தினசரி காலண்டருக்குப் பிழை திருத்துவது சித்திகாவின் வேலை. அச்சகத்திலிருந்து தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கே வந்துவிடும். அம்மா மவுத்தான பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்பதே எதிர்வீட்டு மருமகள் சுகிர்தா வரும் ஒரு மணி நேரம்தான்.

சுகிர்தாவின் கணவன் மணிகண்டராஜ் லண்டனில் இருந்தான். அவனிடம் போய்ச் சேர இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சையில் தேற வேண்டும். வந்த புதிதில் தன் பேரைச் சொல்லவே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சித்திகாதான் தினமும் பேச வைத்துப் பேச வைத்துக் கூச்சத்தை விரட்டினாள். பங்குனியில் சுகிர்தா சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நாலு நாளும் சித்திகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“சரி, உன் வீட்டுக்காரரைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லு.”

அவன் அன்பு, அவன் சமையல், தினமும் போனில் பேசுவது என்று சுகிர்தா மளமளவென்று சொல்லி முடித்தாள். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

“எப்படிக்கா இருந்துச்சு?”

“இன்னும் லேசாத் தயங்குற. இன்னும் ஒரு மாசம் போகட்டும், அப்புறம் பரீட்சைக்குப் பேர் குடு.”

போன மாதமும் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின மாதமும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற சிவப்புப் பேனாக்காரி, இல்லாத பிழைக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணைப் புருஷனிடம் போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறோமே என்று அவளுக்கே நெஞ்சு சுட்டது.

சுகிர்தா வாசலில் செருப்பை மாட்டும்போது சித்திகாவால் அடக்க முடியவில்லை.

“ஏ சுகிர்தா, நில்லு. நான் பொய் சொல்லிட்டேன். நீ எப்பவோ தயாராயிட்ட. நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்னுதான் இழுத்தடிச்சேன். மன்னிச்சிரு. நாளைக்கே பேர் குடுத்துரு.”

சுகிர்தாவுக்குக் கோபம் வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் தன் மாமியார் நிற்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

“பங்குனியில நான் கல்யாணத்துக்குப் போகலக்கா, பரீட்சைக்குத்தான் போனேன். பாஸாயிட்டேன்னு அவுகளுக்குப் போன் போட்டேன். அங்கன வேற குடும்பம் இருக்கு, வராதன்னுட்டாக. வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது... நாளைக்கும் ‘இன்னும் ஒரு மாசம்’னே சொல்லுங்கக்கா.”