யார் கொடுத்த மிட்டாய்?

சிட்டுவின் உடம்பெல்லாம் மறுபடியும் சிவந்து தடித்திருந்தது. கலர் சாயம் சேர்த்த எதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு அனுப்பினா, திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அப்படி என்னதான் வாங்கிக் குடுக்கறீங்க?" என்றாள் அம்மா.

"சோறும் வேகவெச்ச காயும் நானே சமைச்சுப் போட்டேன். உன் வீட்லதான் யாரோ குடுக்கறாங்க," என்றார் அப்பா.

டாக்டரம்மா இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு கண்ணு மிட்டாய் குடுத்தாங்க? நான் சொல்ல மாட்டேன்."

"யாரும் குடுக்கல. ஸ்கூல்ல பொறந்தநாளுக்குக் குடுத்ததை ஒளிச்சு வெச்சு நானேதான் தின்னேன்."

"தின்னா அரிக்கும்னு தெரியாதா?"

"தெரியும்." சிட்டு கையைச் சொறிந்துகொண்டே கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். "அரிச்சாத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா வர்றாங்க."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"யாருன்னு சொன்னாளா?" என்றாள் அம்மா.

"அதை விடுங்க. சாயம் இல்லாத சாப்பாடு மட்டும் இவளுக்குப் போதாது. வாரத்துல ஒரு வேளையாவது மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. தடிப்பு வராது."

"அது மட்டும் முடியாது டாக்டர்," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.